வீடு மாற்றிக்கொண்டவர்கள்

ஊரிலேயே தான்தான் கெட்டிக்காரன் என்று நிபாரண் சன்யாலுக்கு ஒரு நினைப்பு. முர்ஷிதாபாத் ஜில்லா பாகிஸ்தானுக்கு, குல்னா இந்தியாவுக்கு என்று பேச்சு அடிபட்டதும், மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, முர்ஷிதாபாத்திலிருந்த தன் வீட்டைக் குல்னாவிலிருந்த கலிமுத்தீனின் வீட்டோடு மாற்றிக்கொண்டார். இந்துவுக்கு இந்தியா, முஸ்லிமுக்குப் பாகிஸ்தான். இரு குடும்பமும் ஜூலையிலேயே இடம் மாறின.

ஆகஸ்டு பதினைந்தில் குல்னாவில் மூவர்ணக் கொடி ஏறியபோது தெருவுக்கே சந்தேஷ் மிட்டாய் கொடுத்தார் நிபாரண். பதினேழாம் தேதி எல்லைக் கோடு வெளியானது. குல்னா பாகிஸ்தானுக்கு; முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு.

"எண்ணெய்ச் சட்டிக்குப் பயந்து அடுப்புல குதிச்ச ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் மனைவி சுரபாலா. "பக்கத்துல ஒவ்வொருத்தரா ஊரைக் காலி பண்றாங்க. போய் என் வீட்டைத் திருப்பி வாங்கிட்டு வாங்க."

அவமானம் பிடுங்கித் தின்ன, ரயிலேறினார்.

பழைய வீட்டு வாசலில் கலிமுத்தீன் அவரைக் கட்டிக்கொண்டார். "வாங்க பாபு! ரெண்டு முட்டாளும் சேந்து நல்லா ஏமாந்தோமே!"

"திரும்ப மாத்திக்குவோமா பாய்?"

"நாளைக்கே!"

"நான் வரல," என்றது கதவுக்குப் பின்னால் ஒரு குரல். கலிமுத்தீனின் மனைவி மெஹருன்.

"சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. அண்ணே, கொல்லையில போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க."

பலாமரத்தடியில் சின்னதாக ஒரு மண்மேடு. நரி தோண்டாமலிருக்க முள் போட்டிருந்தது. வந்த பத்தாம் நாளே குழந்தை காய்ச்சலில் போய்விட்டதாம்.

"எந்த நாடா இருந்தா என்ன அண்ணே, அவனை விட்டுட்டு எங்க போவேன்?"

'வீடு என்னுடையது' என்ற வார்த்தை நிபாரணின் தொண்டை வரை வந்தது. அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டார். ஆனால் வந்தது உண்மை.

"நாலு நாள் குடுங்க பாபு, சமாதானம் பண்றேன்," என்றார் கலிமுத்தீன்.

"வேண்டாம் பாய்."

குல்னாவில் சுரபாலா மூட்டை முடிச்சோடு தயாராக இருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, திட்டு விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார் நிபாரண்.

"பேரு என்ன?" என்றாள்.

"யாரோடது?"

"பிள்ளையோடது."

"கேக்கலையே."

"வீட்டை மட்டும் கேக்கத் தெரிஞ்சுதாக்கும்," என்றாள் சுரபாலா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மூட்டையை அவிழ்த்து, சோற்றுப் பானையை வெளியே எடுத்தாள்.