மூன்றாம் துடுப்பு

இப்போதெல்லாம் ஆட்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. அவர்களுக்காகப் போன் பார்க்கிறது. மியூசியத்தில் திமிங்கில ஈட்டிக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அட்லாண்டிக் நடுவில் கிடக்கும் எங்கள் பிக்கோ தீவில் திமிங்கில வேட்டை நின்றபிறகு படகுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து மியூசியம் ஆக்கினார்கள். பழைய நாற்றம் மட்டும் இல்லை. இருந்தால் ஒருத்தனும் உள்ளே வரமாட்டான்.

போன வாரம் அங்கே வெண்கலப் பலகை ஒன்று மாட்டினார்கள். வேட்டையில் செத்தவர்களின் பெயர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். என் அண்ணன் எவரிஸ்டோவின் பெயர் இல்லை. அவன் இடத்தில் கல்டினோ இருந்தான். அமெரிக்காவுக்குப் போய், பேரன் பேத்தி எடுத்து, மெத்தையில் செத்தவன்!

அந்தக் காலத்தில் மலைமேல் காவல் இருப்பவன் திமிங்கிலத்தைக் கண்டு வாணம் விட்டால், திராட்சைத் தோட்டத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவோம். படகில் ஆள் குறைந்தால் முதலில் வந்தவன் ஏறிவிடுவான். அண்ணன் செத்த அன்று கல்டினோவுக்குக் காய்ச்சல். அவனுடைய மூன்றாம் துடுப்பில் அண்ணன் உட்கார்ந்தான். ஈட்டி பட்ட திமிங்கிலம் முங்கியது. ஈட்டியில் கட்டிய கயிறு அண்ணன் காலைச் சுற்றி அவனையும் இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை. கம்பெனி குமாஸ்தா கரையில் உட்கார்ந்தபடி படகு ஆட்களின் பட்டியலைப் பார்த்துச் செத்தவன் கல்டினோ என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டான். ஊருக்கே உண்மை தெரியும், புத்தகத்தை யார் திறந்து பார்த்தார்கள்?

சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய மியூசியத் தலைவி லியோனில்டாவிடம் போனேன்.

"டாக்டரம்மா, கடல்ல செத்தவன் பேரு இல்ல. சாகாதவன் பேரு இருக்கு."

"ரெஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு மாமா. உங்ககிட்ட ஏதாவது காகிதம் இருக்கா?"

"கடலு ரசீது குடுக்கலையேம்மா!"

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெலிசார்டோ சிரித்துவிட்டான். அன்று அதே படகில் துடுப்புப் போட்டவன்.

"சிரிக்கிறியாடா மூதேவி? அண்ணனுக்கு முன்னாடி நீதானே உக்காந்திருந்த? சொல்லேன்!"

"சொல்லாமலா இருந்தேன்? நான் டிக்கெட்டு கிழிக்கத்தான் லாயக்காம்."

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் அவள். "மியூசியம் எதுக்கு மாமா? நாளைக்கு வர்றவங்க நம்பணும். ஆளாளுக்குச் சொல்றத எழுதினா யாரு நம்புவாங்க?"

"குமாஸ்தா எழுதுனத மட்டும் நம்பலாமா? அவன் திமிங்கிலத்தையே அறுத்துப் போட்ட பெறகுதான் பார்த்திருப்பான்!"

இன்று காலை கூப்பிட்டனுப்பினாள். பலகைக்கு அடியில் சின்னதாக ஓர் அட்டை. 'அன்று மூன்றாம் துடுப்பில் இருந்தவர் எவரிஸ்டோ எனக் குடும்பத்தார் கூறுகின்றனர்.'

"கூறுகின்றனரா? அவன் செத்தது என்ன, நான் கட்டிவிட்ட கதையா? கூட இருந்தவன் உங்க வாசல்லயே உக்காந்திருக்கானே!"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கேன் மாமா. சம்மதிச்சாங்கன்னா பலகையையே மாத்திடலாம். நம்புங்க."

மேலே வெண்கலத்தில் கல்டினோ. கீழே அட்டையில் என் அண்ணன், அதுவும் 'கூறுகின்றனர்' என்ற தயவில்.

"எழுதுங்க, எழுதுங்க. எழுதித்தானே அவன இல்லாம ஆக்குனீங்க," என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.