சாமி அறைக்குள் ஷூ

என் மகள் பிரகதீஸ்வரி பிறந்தபோது இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தன. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தன்று என் மனைவி அனுராதா வெளியே வந்துவிட்டாளாம். அப்படிச் சொன்னவர்களிடம் வள்ளென்று விழுந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். இவள் எப்படி நடப்பாள்?

பிரசவம் பார்த்த நர்ஸ்தான் பத்தாம் நாளே எங்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அங்கே குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபிஸ்ட் நுஸைபா மேடம் இருந்தார். பாதத்தைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தி, மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். குழந்தை அழவே இல்லை.

"எலும்பு உடைஞ்சிடாதா மேடம்?"

"இன்னும் முழுசா எலும்பே ஆகலைண்ணே, பாதி குருத்துதான். இப்ப சொன்னா கேக்கும். நாலு வருஷம் கழிச்சு வந்திருந்தா பெரிய ஆபரேஷன்தான்."

திருப்பிய நிலையிலேயே மாவுக்கட்டு போட்டார். அடுத்த வாரம் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. வாராவாரம் பஸ் ஏறினோம். ஆறு கட்டு முடிந்ததும் டாக்டர் குதிகாலுக்கு மேலே இறுகிக் கிடந்த தசைநாரைத் தளர்த்த ஒரு சின்னக் கீறல் போட்டார். கடைசிக் கட்டு மூன்று வாரம். அதைப் பிரித்த அன்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பாதங்கள் நேராக இருந்தன. நான் எதற்கும் லேசில் வாயைப் பிளக்கிறவன் இல்லை. அன்று நுஸைபாவின் கைகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன்.

"கைய இறக்குங்கண்ணே. இனிமேதான் உங்க வேலை" என்று சிரித்தவர், இரண்டு குட்டி ஷூக்களைக் கொடுத்தார். இரண்டையும் ஒரு கம்பி இணைத்திருந்தது. "மூணு மாசத்துக்கு தினமும் இருபத்திமூணு மணி நேரம் போட்டிருக்கணும். குளிப்பாட்டுறதுக்கு மட்டும் கழட்டலாம். இல்லேன்னா பாதம் திரும்பப் பழைய இடத்துக்கே ஓடிடும்."

நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் செருப்பு வாசற்படி தாண்டாது. கலெக்டரே வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். விளக்கேற்றும் நேரத்தில் குழந்தை ஷூவோடு கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"விளக்கு எரியற வரைக்கும் கழட்டி வை."

"மேடம் என்னங்க சொன்னாங்க?" என்றாள் அனுராதா.

"சாமிக்கு முன்னாடி செருப்ப நீட்டச் சொன்னாங்களா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பிறகு, கம்பி இடிக்கிறது என்று தூளியில் போடும்போதும் கழற்றினோம். வெள்ளிக்கிழமை முழுநாளும் கழற்றினோம். அதையெல்லாம் பக்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஷூ காலில் ஏற மறுத்தது. பாதங்கள் மறுபடி உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தன.

நுஸைபாவிடம் தலை குனிந்து உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாதத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் செருப்பு உள்ள வராதுண்ணே, தொழுற இடம். ஆனா இது செருப்பு இல்ல, வைத்தியம். கட்டுப் போட்ட காலோட வர்ற குழந்தைய, கட்ட வாசல்ல அவுத்து வச்சிட்டு வான்னு எந்தச் சாமிண்ணே சொல்லும்?"

இன்னும் மூன்று கட்டு போட்டார். மறுபடி ஷூ கொடுக்கும்போது, "இந்தத் தடவை விட்றாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. அனுராதா விளக்கேற்றியதும் குழந்தையை ஷூவோடு தூக்கிக்கொண்டு நானே சாமி அறைக்குள் போனேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிரகதீஸ்வரி கம்பியை ஆட்டி ஆட்டி விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு குளிக்கும் நேரம் தவிர அந்த ஷூ கழலவில்லை. மூன்று மாதம் போனபின் தூங்கும்போது மட்டும் போட்டால் போதும் என்றார்கள்.

பதினாலாம் மாதம் ஒருநாள், குளிப்பாட்டிய ஈரத்தோடு அனுராதாவின் பிடியை உதறிவிட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் தானாக இரண்டடி வைத்தாள். தொப்பென்று உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் இரண்டு ஈரத்தடங்கள். ஐந்து விரலும் குதிகாலும் முழுசாகப் பதிந்திருந்தன.

அனுராதா துண்டோடு ஓடிவந்தாள்.

"அங்கயே நில்லு. மிதிச்சிடாத" என்றேன்.

அவளும் குனிந்து பார்த்தாள். அந்த ஈரம் காயும் வரை இருவரும் அசையவில்லை.