பச்சைத் துணிக்குள் பேராசிரியர்

...இல்லை, இப்போதே எழுந்துபோய் ரோஸி அம்மாவிடம் சொல்லிவிடுவதுதான் நல்லது, அம்மா, அந்தப் பச்சைத் துணிக்குள் நிற்பது கழுத்து வரைக்கும்தான் உங்கள் அப்பா, கழுத்துக்குக் கீழே புனித அந்தோணியார்... சொல்லிவிட்டு? அந்த அம்மா முன்வரிசையில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆண்டுவிழாவில் தன் பிள்ளை மேடையேறக் காத்திருக்கும் தாயைப் போல, எழுபதை நெருங்கும் வயதில், அப்பாவுக்காக. மைக்கில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஜபதி, 'நாட்டின் கணினித் தந்தை, நம் கோவில்பதாகை ஊரின் தவப்புதல்வர்' என்கிறார், தந்தையா புதல்வரா, ஏதாவது ஒன்றில் நில்லய்யா... ஒரு பிடிஎஃப் திறக்க பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போடுகிற மனிதர், கணினி வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்போலக் கையை வீசுகிறார். பேராசிரியர் ஜாபஸ், கணினி என்றால் கல்யாண மண்டபம் அளவு இருந்த காலத்தில் நாட்டுக்கு முதலில் ஒன்றை வயர் வயராகப் பின்னிக் கொடுத்தவர், கடைசிக் காலத்தில் எங்கள் பி பிளாக்கில்தான் குடியிருந்தார், யாருக்குத் தெரியும்? மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்க ஒரு சின்ன சமாசாரம் செய்து தருகிறேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நிற்பார், 'உக்காருங்க சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்பார் இதே கஜபதி. இறந்த மறுநாள் பேப்பரில் அரைப்பக்கம் வந்த பிறகுதான் யாரோடு லிப்டில் போய்வந்தோம் என்பதே தெரிந்தது, உடனே சிலை. தொட்டி இன்றைக்கும் வழிகிறது, இதோ, பேச்சுக்கு நடுவிலேயே, சளசளவென்று... கைதட்டல் என்று நினைத்து கஜபதி கும்பிடுகிறார்.

வேறு நாளென்றால் அந்தத் துணி விலகும் நொடிக்காகச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருப்பேன், ஒரு மாதத்துக்குச் சிரிக்கப் போதும், இன்றைக்கு அது விலகவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஏனென்றால் சிலை செய்ய ஜேசுராஜைப் பிடித்துக் கொடுத்தவனே நான்தானே, முத்தாபுதுப்பேட்டையில் பட்டறை, சுற்றுவட்டாரத் தேவாலயங்களுக்கெல்லாம் புனிதர்களை வார்க்கிறவன். மார்பளவுச் சிலைதான் கேட்டோம். 'இன்னா சார், அரை ஆளா? பாக்கறவன் இன்னா நெனைப்பான்? அந்தோணியார் அச்சு சும்மாதான கீது, ஒடம்ப அதுல வாத்துக்கலாம், மூஞ்சி நான் கையால பண்றேன், முழு ஆளா நிப்பாரு' என்றான், முழு ஆள் என்றதும் கஜபதிக்கு வாயெல்லாம் பல். அங்கி கோட்டாக மாறியது, சரி, போகட்டும். இடுப்புக் கயிறு? அதன் முனையில் ஒரு மவுஸ். குழந்தை இயேசு உட்கார்ந்திருக்கும் இடக்கை வளைவு காலியாக இருந்ததே... அதில் தொந்தி வைத்த பழைய மானிட்டர். 'கையில கம்ப்யூட்டர் இல்லன்னா ஆளு யாருன்னு எப்டி சார் தெரியும்?' கஜபதியின் யோசனைதான், வேறு யாருக்கு வரும்? ரோஸி அம்மாவோ சி.எஸ்.ஐ. சபை, புனிதர் சிலைகளைக் கும்பிடாதவர், வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் தவிர ஒரு படம் கிடையாது, அவர் அப்பாவைப் போய்ப் புனிதராக்கி, இடுப்பில் பெட்டியும் கொடுத்து... முகத்துக்காவது நல்ல போட்டோ கிடைத்ததா என்றால் அதுவும் ஒன்றே ஒன்று, எந்திர அறைக் குளிருக்கு மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு நிற்கிறார், கண், மூக்கு, மீசை, அவ்வளவுதான் தெரியும். தினமும் பட்டறைக்குப் போய் மேற்பார்வை பார்த்தேன், பெரிய கலா ரசிகன்போல. 'கொஞ்சம் அப்டி திரும்பி குந்து சார், வெளிச்சம் மறைக்குது' என்பான், திரும்பி உட்கார்ந்து மேற்பார்வையைத் தொடர்வேன்...

தலைமை விருந்தினர் வந்தாயிற்று, நேரமின்மை பற்றி நெடுநேரம் பேசியாயிற்று, கயிறு... இழுத்தேவிட்டார். நான் சிலையைப் பார்க்கவில்லை, ரோஸி அம்மாவின் முதுகைத்தான் பார்க்கிறேன். அசைவில்லை. பின்வரிசையில் ஒரு 'ஐயோ', ஒரு தும்மல்போல அடக்கிய சிரிப்பு. தோள் குலுங்குகிறது... அழுகிறார், போச்சு, எழுந்து ஓடி முன்னால் நிற்கிறேன், 'அம்மா, மன்னிச்சுக்குங்க, அந்தக் கை வந்து...' என்ன இது, சிரிக்கிறார்! கண்ணில் நீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். 'நாகேந்திரன் சார், இந்தக் கைதான் சார்! மே மாச வெயிலுக்கு அப்பா என்னை மிஷின் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாரு, ஊர்லயே அங்கதான் ஏசி. இதே மாதிரி இடது கையில வச்சுக்கிட்டு, மப்ளர்ல பாதிய எனக்குச் சுத்தி, வலது கையால வயர் மாட்டுவாரு. அந்தப் பெட்டி இருக்கற எடம் என்னோடது சார். இது எந்த போட்டோலயும் கிடையாதே, யார் சொன்னா உங்களுக்கு?' யார் சொன்னது... அந்தோணியார்தான் சொல்லியிருக்க வேண்டும். 'பாத்தியா சார்' என்கிறான் ஜேசுராஜ் பின்னாலிருந்து, 'அச்சு பேசும்.' எனக்கு யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும்போல, கஜபதியைக்கூட... கிட்டத்தட்ட.

'காது மட்டும் எங்க அப்பாது இல்ல' என்கிறார் ரோஸி அம்மா, கண்ணைத் துடைத்தபடி சிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து. 'சார், கொஞ்சம் திரும்புங்க?' திரும்புகிறேன். ஜேசுராஜ் தரையைப் பார்க்கிறான், 'மப்ளரு மறைச்சிகினு இருந்துச்சா... நீ வேற தெனம் வந்து சும்மா குந்திகினு இருந்தியா...' சிலையில் இருப்பது என் காது, முறம்போல விரிந்த மடல், மேல்நுனியில் சின்னப் பிளவு, நான் சைக்கிளிலிருந்து விழுந்தபோது கிடைத்தது, அந்தப் பிளவைக்கூட விடவில்லை பாவி. ஊரில் ஒருத்தர் தொப்பையை, ஒருத்தர் நடையை, எவர் வாயைக் கிண்டல் செய்யாமல் விட்டேன் நான், என்னை ஒருவன் வெளிச்சத்தில் உட்காரவைத்து இத்தனை நிதானமாகப் பார்த்திருக்கிறான், நான் அவனை மேற்பார்வை பார்த்தேனாம்... சிரிப்பு வருகிறது, எனக்கே, அடக்க முடியாமல். கேட் ஓரம் பூ விற்கும் நாகம்மா அதற்குள் மாலையைச் சாத்திவிட்டுப் பீடத்தில் ஏறி, சிவன் கோயில் நந்தி காதில் வேண்டுதல் சொல்வதுபோல வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேராசிரியர் காதில் ஏதோ முணுமுணுக்கிறாள். 'இன்னா நாகம்மா, இன்னா கேட்ட?' என்கிறேன். 'அத்த வெளிய சொன்னா பலிக்காது சார். அவரு காதுல போட்டுட்டேன் இல்ல, அவரு பாத்துக்குவாரு.' அவளுக்குப் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, லேப்டாப் பையோடு இரண்டு பேர் செருப்பைக் கழற்றுகிறார்கள். என் வலது காதில் ஏதோ குறுகுறுக்கிறது, விரலை விட்டுக் குடைகிறேன், போகமாட்டேனென்கிறது, மேலே தொட்டி மறுபடி சளசளவென்று... வேண்டுதல்களோடு அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியது இனி அவரா, நானா...