சேற்றுக்குள் இருந்த மஞ்சள்

ஏரிக்கரைப் பூங்காவில் வைக்கும் பலகைக்கு மூன்று கொக்குகளை வரைந்து முடிக்க ஓவியருக்கு இருபது நாள் ஆயிற்று. முன்பெல்லாம் அது ஒரு நாள் வேலை. பக்கவாதத்தில் எட்டு மாதம் படுத்து எழுந்தபின் அவருடைய வலது கை தொட்ட முதல் வேலை இது. இதுவும் சரிப்படாவிட்டால் தூரிகைகளை மூட்டை கட்டிவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அவள் கண்ணை மூடிக் கடவுளிடம் வேண்டிக்கொண்டாள்.

பத்து மணிக்குப் வனத்துறை அதிகாரி பார்வையிட வருகிறார். எட்டு மணிக்கே ஓவியர் மைத்துனனோடு சேர்ந்து பலகையைக் கம்பத்தில் பொருத்திவிட்டார்.

"மூணும் வெள்ளை. எப்படி மாமா வித்தியாசம் தெரியும்?"

"நல்லா பாருடா. குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, மாட்டுப் பின்னாடியே திரியறது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் போகும்."

"அவ்வளவு பெரிய வாயா? எங்கக்கா மாதிரி!"

"அவ காதுல விழட்டும், இருக்கு உனக்கு. இது சின்னக் கொக்கு. அலகும் கறுப்பு, காலும் கறுப்பு."

ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் பெண் நீண்ட மூங்கில் காம்பு போட்ட வாரியோடு கரையேறி வந்து பலகையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மைத்துனனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, மஞ்சள் பெயிண்ட் மிச்சம் இருக்கா? ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

கரையோரச் சேற்றில் ஒரு சின்னக் கொக்கு நின்றிருந்தது. அந்த இருபது நாளில் பத்து நாள் இதே இடத்தில் உட்கார்ந்துதான் அவர் வரைந்தார். கறுப்புக் கால்கள் கறுப்புச் சேற்றுக்குள் இறங்கியிருந்தன. அது மெல்லத் தெளிந்த நீருக்கு நடந்தது. அவள் கைதட்டியதும் எழும்பிப் பறந்தது. பின்னால் நீண்ட கறுப்புக் கால்களின் நுனியில் பாதங்கள் மட்டும் பளிச்சென்று மஞ்சள்.

ஓவியர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். "பத்து நாள் பாத்தும் தெரியலையே. எனக்கு இதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா."

"சேத்துக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்? தினம் பாக்கற எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. எந்திரிங்க, நேரம் இருக்கு."

பலகைமுன் நின்றதும் கை நடுங்கியது. கொக்கின் கால்விரல்களோ நூல்போல் மெல்லியவை. அவள் வாரியின் காம்பைக் குறுக்கே அசையாமல் பிடித்தாள்.

"கையை இதுமேல வெச்சுக்கோங்க."

கோலில் கை ஊன்றி வரைபவர்களை ஒரு காலத்தில் கேலி செய்தவர் அவர். சற்றுத் தயங்கி, மணிக்கட்டை அதன்மேல் வைத்தார். நடுக்கம் அடங்கியது. கறுப்புப் பாதங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின.

ஒருவர் பிழையை நாலு பேர் அறியாமல் அவரிடம் மட்டும் சொல்வதும் ஒரு பிரார்த்தனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதிகாரி வந்ததும் முதலில் பாதங்களைத்தான் பார்த்தார். "நெறைய பேர் இந்த மஞ்சளை விட்டுடுவாங்க. எப்படிக் கவனிச்சீங்க?"

"மாமா கண்ணுக்கு எதுவும் தப்பாது சார்!" என்றான் மைத்துனன்.

தலையாட்டிவிட்டால் போதும். ஓவியர் ஆட்டவில்லை.

"நான் கவனிக்கல சார். எட்டு மணி வரைக்கும் கறுப்பாத்தான் இருந்துச்சு. அந்தம்மா காட்டினாங்க."

அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்தார், மஞ்சள் ஒட்டியது. சிரித்துவிட்டார்.

"அடுத்த கரைப் பலகைக்கு மடையான் கொக்கு வேணும். உக்காந்தா மண் நிறம், பறந்தா வெள்ளை. ரெண்டு விதமாவும் வரையணும். முடியுமா?"

ஓவியர் தன் கையைப் பார்த்தார். பிறகு வாரியைப் பார்த்தார். "ஊன்றிக்க ஒரு கோல் இருந்தா முடியும் சார்."

"இதையே எடுத்துக்கோங்கண்ணே, நான் வேற காம்பு போட்டுக்கறேன்" என்று அவள் அப்போதே வாரியைக் காம்பிலிருந்து கழற்றத் தொடங்கினாள்.

கோலைத் தோளில் சுமந்தபடி மைத்துனன் சொன்னான்: "மாமா, இனி கொக்கைவிட உங்களுக்கு ஒரு கால் அதிகம்!"

வீட்டுக்கு வந்ததும் ஓவியர் தூரிகைகளைக் கழுவி ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தினார். அதைப் பார்த்த மனைவி கண்ணை மூடி உதடசைத்தாள். இம்முறை நன்றி சொல்ல.