தோடி இருந்த எண்ணெய் டின்

பாகூர் கடைத்தெருவில் உலகநாதனின் எண்ணெய்க் கடைப் பின்கட்டில் அடுக்கியிருந்த டின்களில் பாதியில் கடலை எண்ணெய் இருந்தது, மீதியில் நாதஸ்வரம் இருந்தது. எண்ணெய் விலை ஏறும், இறங்கும். நாதஸ்வரம் விற்பனைக்கு இல்லை. இது தொடங்கியது ஒரு பங்குனித் திருவிழாவில். சாமி ஊர்வலம் உலகநாதன் கடை வாசலில் மண்டகப்படிக்கு நின்றபோது, கழுவிக் காயவைத்த டின் ஒன்று வாய் திறந்தபடி வெளியே கிடந்தது. சாமி போனதும் அவர் மனைவி அமுதம், தூசி விழுமே என்று மூடி போட்டு உள்ளே வைத்தார். மறுமாதம் எண்ணெய் ஊற்றத் திறந்தபோது உள்ளிருந்து ஊர்வலத்தில் வாசித்த மல்லாரி வந்தது. கூடவே தவில் வந்தது, கடலூர் பஸ்ஸின் ஹாரன் வந்தது, பூக்காரி தையலம்மாள் யாரையோ திட்டும் குரலும் வந்தது. தையலம்மாள் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அமுதம் பதறிப்போய் மூடப் பார்த்தார். வாத்தியம் வெளியே வந்துகொண்டிருக்கும்போது மூடி உட்காரவில்லை, பொங்குகிற பால்மேல் போட்ட தட்டு மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது. கடைசி ஸ்வரம் போனதும் டின் காலி. குலுக்கிப் பார்த்தும் பயனில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாசலில் ஒரு டின் வைத்து, சாமி போனதும் மூடி, அரக்கு வைத்து, சுண்ணாம்பால் வருஷம் எழுதினார்கள். திறந்தால் தீர்ந்துபோகும் என்பதால் எதையும் திறக்கவில்லை. ஊரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் அப்பா பேரம் பேசிய சத்தம் உள்ளே இருக்குமா என்று சிலர் டின்னில் காதை வைத்துப் பார்ப்பார்கள், பிறகு அரை லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த டின்களில் கனமானது கிருமாம்பாக்கத்து இளங்கோவன் கடைசியாக வாசித்த வருஷத்தது. இளங்கோவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் வாசிக்கும்போது எதிரில் யாராவது பேசினால் நாதஸ்வரத்தை இறக்கிவிடுவார். கோபப்பட மாட்டார். "பேசி முடிங்கப்பா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி, வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவர்கள் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார். ஒருமுறை கரும்பு விவசாயிகள் இரண்டு பேர் வெட்டுக்கூலி விஷயமாக அவர் எதிரிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சமாதானமாகி வீட்டுக்குப் போகும்வரை சாமியும் தெருவில்தான் நின்றது.

உலகநாதன் கடை வாசலில் தோடி ராகம் வாசித்துவிட்டுப் போன இளங்கோவன், மறுநாள் காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மனைவி நாகம்மாள் அந்தத் தோடியைக் கேட்கவில்லை, மகள் வினோதினியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். இளங்கோவன் போன அன்று மத்தியானம்தான் பேத்தி பிறந்தாள். பிறகு வருஷாவருஷம் திதி முடிந்ததும் நாகம்மாள் பஸ் ஏறி வருவார், டின்னை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். திறக்கச் சொன்னதே இல்லை. "தொறந்தா ரெண்டாவது தடவையும் பூடுவாரு" என்று அமுதத்திடம் சொன்னதோடு சரி.

நிலைமை இப்படி இருக்கையில், ஊரின் வரலாற்றையும் இசையையும் காத்தவர்களுக்குப் பாராட்டு விழா எடுப்பது என்று ஒரு மன்றத்தார் முடிவு செய்தார்கள். வில்லியனூரில் கல்யாண மண்டபம் பிடித்தார்கள். மன்றத் தலைவர் ராஜேஷ்குமார் நல்ல மனிதர், சந்தன மாலையும் பொன்னாடையும் அவர் காரிலேயே எப்போதும் இருக்கும். கடைக்கு வந்து, "ஒண்ணே ஒண்ணு மேடையில தொறந்து காமிங்கண்ணே. இளங்கோவன் டின்னுன்னா ஜனம் திரண்டு வரும்" என்றார். உலகநாதன் தன் வாழ்நாளில் கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் முதல் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் வரை எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார். அவர் தோளில் ஒன்றுகூட விழுந்ததில்லை. சரி என்றுவிட்டார். அமுதம் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டு நாகம்மாளுக்குச் சொல்லியனுப்பினார்.

நாகம்மாள் வந்தார். "வாசிச்சது எங்க வூட்டுக்காரரு, காப்பாத்தி வெச்சது நீங்க. இதுல நான் இன்னா சொல்றது" என்றார். சம்மதிப்பவர் முகம் அப்படி இருக்காது என்பது உலகநாதனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் நோட்டீஸ் அடித்தாகிவிட்டது.

விழாவன்று கிருமாம்பாக்கத்திலிருந்தும் நல்லவாட்டிலிருந்தும் ஜனம் வந்திருந்தது. உலகநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அவர் அரக்கை உடைத்து மூடியைத் திறந்தார். தோடி மண்டபத்தில் பரவியது. ராஜேஷ்குமார் மைக்கைப் பிடித்து அந்த வாசிப்பின் பெருமைகளை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். தோடி நின்றுவிட்டது. டின் தீர்ந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். பின்வரிசையிலிருந்து கிருமாம்பாக்கத்துக்காரர் ஒருவர், "அவரு அப்டித்தான் சார். நீங்க பேசி முடிங்க, அப்பால ஊதுவாரு" என்றார். தலைவர் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து தோடி தொடர்ந்தது. யாருடைய செல்போனோ அடித்தது, நின்றது. போனை அணைத்தார்கள், தொடர்ந்தது. அதன்பிறகு அந்த மண்டபத்தில் ஒரு குழந்தைகூட வாய் திறக்கவில்லை. கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்குக்கூடப் பேச்சை நிறுத்தாத ஜனம் அது. இளங்கோவனுக்குக் கிடைத்த மரியாதை அதுதான், மற்றதெல்லாம் ஜரிகை.

டின்மேல் கைவைத்திருந்த உலகநாதனுக்கு அது லேசாகிக்கொண்டே வருவது தெரிந்தது. மூடியை எடுத்து வைத்தார், உட்காரவில்லை. அழுத்தினார், எழும்பியது. செய்த காரியம் அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. முன்வரிசையில் இருந்த நாகம்மாளைப் பார்த்தார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. டின்னின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் என்பது நாகம்மாளுக்கு உலகநாதனின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நாகம்மாள் எழுந்து நின்றார்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டியது நெறைய இருக்குது."

தோடி நின்றது. டின்னுக்குள் யாரோ சீவாளியைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"நமக்குப் பேத்தி பொறந்துருக்கா. நீங்க போன அன்னிக்கு மத்தியானமே பொறந்தா. யாமினின்னு பேரு. இப்ப ஸ்கூலுக்குப் போறா. உங்க காது அவளுக்கு, மடல் அப்டியே வெளிய நீட்டிக்கினு இருக்குது. பசு கன்னு போட்டுச்சி. தானே புயல்ல கூரை பூடுச்சி, ஓடு போட்டோம்…"

நாகம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். அமுதம் மேடையேறிப் போய் மூடியை வைத்தார். உட்கார்ந்தது. உலகநாதன் தோளிலிருந்த பொன்னாடையைக் கழற்றி, டின்மேல் சுற்றி, கீழே இறங்கி நாகம்மாள் கையில் கொடுத்தார். ராஜேஷ்குமார் நன்றியுரையை ரத்து செய்தார், அந்த மன்றத்தின் சரித்திரத்தில் அது முதல் தடவை.

டின் இப்போது கிருமாம்பாக்கத்தில், ரோட்டோரம் நாகம்மாள் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது. காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் அவர் பேசிக்கொண்டே மூடியைத் திறப்பார். நெல் நடவு, வினோதினியின் மாமியார், யாமினி வாங்கின மார்க்கு, எல்லாம் சொல்வார். உள்ளே சீவாளி துடைக்கும் சத்தமும் எப்போதாவது ஒரு செருமலும் கேட்கும். வேலை முடிந்ததும் பேச்சுவாக்கிலேயே மூடிவிடுவார். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தும்போது மட்டும் ஒரு இழை தோடி வெளியே வந்துவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கடலூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்த நேரம் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். பிறகு நாகம்மாளின் குரல் கேட்கும், பஸ் வரும், ஏறிப் போவார்கள்.