நாலு மணிக்கு யார் எழுப்புவது

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு குறட்டையிலிருந்து கிடைத்தது. தூக்கம் வராத வியாதிக்காரன் நான். எங்கள் லாயாங் லாயாங் ஊர்க் கோயில் மண்டபத்து யோகா வகுப்புக்குப் போனேன். தூக்கம் வரவில்லை, கதை வந்தது. பக்கத்துப் பாயில் குறட்டை விட்டவருக்குக் குணாளன் என்று பெயர் வைத்திருக்கிறேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், வயது ஐம்பத்து மூன்று.

முதல் வரி இப்படி இருந்தது: 'இரவு அவருக்கு முடிவில்லாத ஒரு...'

வேண்டாம். தூங்காதவனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பேனாவுக்கு இந்தச் சீக்கு வந்துவிடுகிறது.

2

குணாளனுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. போன வாரம் நாற்பது தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு செனாய் தொழிற்பேட்டைக்குப் போகும்போது கண் ஒரு நொடி சொருகி, பஸ் ரோட்டோரப் புல்லில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த பெண்கள் ஏதோ பள்ளம் என்று நினைத்துத் திரும்பத் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று மாலையே வகுப்பில் பெயர் கொடுத்தார்.

சொல்லிக்கொடுப்பவர் செல்லப்பாக்கியம் டீச்சர், ஓய்வுபெற்ற தாதி. சுவரில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார், மூச்சை எண்ணி விடச் சொன்னார். கடைசியில் சவாசனம். விழிப்போடு கிடக்க வேண்டும், தூங்கக் கூடாது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, குணாளன் குறட்டையைத் தொடங்கிவிட்டார். மண்டபமே சிரித்தது. பத்து நிமிடம் கழித்து டீச்சர் வந்து தோளைத் தட்டினார்.

வீட்டிலும் அதையே செய்து பார்த்தார். சுவர், கால், மூச்சு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

[இங்கே யோகாவின் பெருமை பற்றி இரண்டு பத்தி எழுதி அடித்தேன். மண்டபத்தில் பலிப்பது வீட்டில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.]

3

முந்தைய பிரதியில் அவர் மனைவியைச் சாகடித்திருந்தேன். கண்ணீர் சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு உயிரோடு எழுப்பிவிட்டேன். பிரேமலா நன்றாகத்தான் இருக்கிறார். மகள் லோஷினியின் பிரசவம் பார்க்க மூவார் போய் ஒரு மாதம் ஆகிறது. (ஒரு மாதம். எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது.)

மூன்றாம் வகுப்பு முடிந்ததும், வீட்டில் வராத தூக்கம் இங்கே எப்படி வருகிறது என்று டீச்சர் கேட்டார். குணாளன் பாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"இங்க நீங்க எழுப்பிடுவீங்க டீச்சர். வீட்ல நாலு மணிக்கு யாரு எழுப்புவா? இருபத்தாறு வருஷமா அவதான் கால் கட்ட வெரலப் புடிச்சு இழுப்பா. இப்ப மூணு அலாரம் வெச்சிருக்கேன். அடிக்குமா அடிக்காதான்னு அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன் லா."

மனைவியிடம் சொன்னீர்களா என்றார் டீச்சர்.

"சொன்னா நாளைக்கே பஸ் ஏறிடுவா. பச்ச ஒடம்புக்காரி, பொண்ணு பாவம். நல்லாத் தூங்குறேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பக்கத்துப் பாயில் நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

4

முடிவுகள். ஒன்று, பிரேமலா திரும்பி வருகிறார், லோஷினி கைக்குழந்தையோடு தனியாகத் திண்டாடுகிறாள். இன்னொன்று, யோகாவே முழுதாகக் குணப்படுத்திவிடுகிறது. டீச்சருக்குப் பிடிக்கும், எனக்கு நம்பிக்கையில்லை. மூன்றாவதில் பஸ் மறுபடி புல்லில் இறங்கி, இந்த முறை

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

5

கதாசிரியன் செய்யக் கூடாததைச் செய்தேன். வாசலில் அவரை நிறுத்தி, "நான் எழுப்புறேன்ணே. எனக்குத்தான் தூக்கமே வராதே, நாலு மணிக்குப் போன் அடிக்கிறேன்" என்றேன்.

"மறந்துற மாட்டீங்களே தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய், சுவரில் கால் வைத்து, மூச்சை எண்ணி, மூன்று அலாரத்தையும் நிறுத்திவிட்டுப் படுத்தார். எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டவில்லை.

அவர் தூங்குவதை எழுதி முடித்த நிம்மதியில் நானும் காலைச் சுவரில் வைத்தேன். என்ன சோதனையோ, இத்தனை மாதம் வராத தூக்கம் இப்போது வருகிறது. கண் சொருகுகிறது. இதற்கு மேல் என்னை நம்ப வேண்டாம்.

நாற்பது பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். நாலு மணிக்கு அவரை நீங்கள்தான் எழுப்ப வேண்டும். கூப்பிடாதீர்கள், தோளைத் தட்டாதீர்கள். கால் கட்டைவிரலைப் பிடித்து, மெதுவாக இழுங்கள்.