பிழைத்த கை

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜலஜா எறிந்த முதல் பஞ்சுப் பந்து, சுவரில் வரைந்திருந்த வட்டத்துக்கு ஒரு முழம் வலப்பக்கமாகப் போய் மோதியது. வட்டத்துக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவள் கணவர் அனந்தராமன் 'ச்சு' கொட்டினார். அதுவும் பதிவாகியிருக்கும்.

ஜலஜா பல் டாக்டர். வெஸ்ட் வின்ட்சர் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேரின் கடைவாய்ப் பற்கள் அவளுக்கு அத்துப்படி. போன வருடம் சிறுமூளையில் ஒரு ஸ்ட்ரோக். பேச்சும் நினைவும் பத்திரம். வலது கை மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. காபி டம்ளரை எடுக்கப் போனால், தாண்டிப் போய்ச் சட்னியில் இறங்கும். அந்தக் கையில் டிரில் இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? கை இனிமேல் எதையாவது கற்றுக்கொள்ளுமா, இல்லை கிளினிக்கை மூடிவிட வேண்டியதுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

அனந்தராமன் தமிழ்ச் சங்கச் செயலாளர். சொல்லாராய்ச்சி அவர் பலவீனம். பெயரிலேயே இருக்கிறதே, 'சிறு' மூளைதானே, பெரிசு பத்திரம் என்று பொங்கல் விழா மைக்கில் அறிவித்துக் கைதட்டலும் வாங்கியவர். மொத்த நியூரான்களில் பாதிக்கு மேல் அந்தச் சிறிசில்தான் குடியிருக்கின்றன, பேச்சிலும் யோசனையிலும்கூட அதற்குப் பங்கு உண்டென்று இப்போது தெரியவருகிறது என்று ஆராய்ச்சியாளர் ரூபிகா, யாழ்ப்பாணத்துப் பெண், விளக்கியபோது பெயர் வைத்தவர்மேல்தான் தப்பு என்பதுபோல் பார்த்தார்.

ஜலஜா மாட்டியிருந்த அந்தக் கண்ணாடி எதையும் வலப்பக்கம் தள்ளிக் காட்டும். கை அதை நம்பி ஏமாறும். ஏமாந்த அளவைப் பார்த்து அடுத்த வீச்சைத் திருத்துவது சிறுமூளையின் வேலை. அனந்தராமன் விடுவாரா? கொஞ்சம் லெஃப்ட், தோளை லூஸ் பண்ணு என்று கோச்சாகிவிட்டார்.

"அங்கிள், கொஞ்சம் பேசாம இருங்கோ. இது யோசிச்சுச் செய்யிற வேலை இல்ல. கை தானாப் பழகோணும்."

யோசிக்காமல் ஒரு காரியம் நடக்கும் என்பதையே அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். ஆனால் பந்துகள் மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்தன. வட்டத்துக்குள்ளேயே ஒன்று விழுந்ததும், நம்ம கோச்சிங் எப்படி என்று புருவத்தால் கேட்டார்.

ரூபிகா கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இப்போது சும்மா எறியச் சொன்னாள்.

எல்லாம் அதனதன் இடத்தில் தெரிந்தது. ஜலஜா எறிந்தாள். பந்து வட்டத்தின் பக்கமே போகாமல், இடப்புறமாகப் பறந்து அனந்தராமனின் நெஞ்சில் மோதியது.

அவர் வீடியோவை நிறுத்தினார். மேடைக் குரல் எங்கோ போயிருந்தது. "கண்ணாடி இல்லாமலே இப்படியா... விடு ஜலஜா. கிளினிக்கப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

ரூபிகாவோ வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே துள்ளினாள். "ஐயோ அங்கிள், இதுதான் வேணும். ஒண்டும் பழகாத கை எண்டா, இப்ப நேராத்தான் எறிஞ்சிருக்கும். கண்ணாடி போனது அன்ரிக்குத் தெரியும், கைக்கு இன்னும் தெரியேல்ல. அது இடப்பக்கம் தள்ளி எறியப் படிச்சிட்டுது. அதாலதான் பிழைச்சது."

டிரில்லை எப்போது பிடிக்கலாம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னாள். ஜலஜா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழைச்சதுன்னா? தப்பு பண்ணிச்சா, தப்பிச்சுதா?"

"ரெண்டும்தான் அன்ரி."

சொல்லாராய்ச்சிக்காரர் அந்தச் சொல்லை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஜலஜா கூடையில் கைவிட்டு இன்னொரு பந்தை எடுத்தாள். அனந்தராமன் நாற்காலியோடு நகரப் பார்த்தார்.

"அங்கயே இருங்க," என்றாள்.

அவர் போனை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, நெஞ்சைக் காட்டி உட்கார்ந்தார். பந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.